பூட்டப்பட்ட கோப்பும் தப்பிய படியும்: பணயத் தீநிரலிலிருந்து தரவை மீட்டெடுத்த வரலாறு

1989ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனிலிருந்து சுமார் 20,000 நெகிழ்வட்டுகள் அஞ்சல் வழியாகப் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. எய்ட்ஸ் நோய் பற்றிய அறிமுகத் தகவல் வட்டு என்று அவற்றின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அவற்றைப் பெற்றவர்களுள் ஒரு சாரார் 'பி.சி. பிசினஸ் வேர்ல்டு' என்னும் கணினி இதழின் வாசகர்கள். மற்றொரு சாரார் உலகச் சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டோடு தொடர்புடைய மருத்துவர்கள், ஆய்வாளர்கள். வட்டைக் கணினியில் இட்டால் ஒரு வினாப்பட்டியல் தோன்றும். விடைகளைக் கொண்டு நோய்த்தொற்றுக்கான வாய்ப்பு எவ்வளவு என்று அது கணித்துச் சொல்லும். அன்றைய நிலையில் ஆய்வாளர் எவரும் ஆவலோடு பார்க்கக்கூடிய பொருள் அது.

அந்நிரல் வினாக்களைக் கேட்டதோடு நிற்கவில்லை. கணினி தொடங்கும்போது தானாக இயங்கும் 'ஆட்டோஎக்செக்.பேட்' என்னும் கோப்பை மாற்றி எழுதிவிட்டு, கணினி எத்தனை முறை இயக்கப்படுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை ஏறத்தாழ 90ஐ எட்டியதும் கோப்புகளின் பெயர்கள் பொருளற்ற எழுத்துக் கோவைகளாக மாறின. கோப்பகங்கள் கண்ணுக்குப் புலப்படாமல் மறைந்தன. மென்பொருளுக்கான குத்தகைக் கட்டணத்தைப் பனாமா நாட்டின் ஓர் அஞ்சல்பெட்டி முகவரிக்கு அனுப்புமாறு திரையில் அறிவிப்பு வந்தது. 365 முறை பயன்படுத்த 189 டாலர். வன்தட்டின் ஆயுள் முழுமைக்கும் 378 டாலர். பணயத் தீநிரல் என்று இன்று தமிழிலும், ரான்சம்வேர் என்று பேச்சு வழக்கிலும் குறிக்கப்படும் குற்றவகையின் முதல் பதிவு இதுவே.

வட்டுகளை அனுப்பியவராகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஜோசப் பாப் என்னும் அமெரிக்கர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பரிணாம உயிரியலாளர். அவர் கைதாகி இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டார். மனநிலை காரணமாக விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று 1991இல் முடிவு செய்யப்பட்டது. ஆய்வாளர் ஒருவரால் ஆய்வாளர்களுக்கு அனுப்பப்பட்ட தீநிரலாக இவ்வரலாறு தொடங்கியது என்பது கருதத்தக்கது.

எனினும் இங்கு நோக்க வேண்டியது குற்றவாளியின் கதையன்று, மீட்பின் கதை. ஜிம் பேட்ஸ் என்னும் பிரித்தானிய வல்லுநர் அந்நிரலைப் பகுத்தாய்ந்து, 'வைரஸ் புல்லட்டின்' இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். நிரல் கோப்புகளின் பெயர்களைத்தான் மாற்றியிருந்தது; உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. பெயர்களை மாற்றப் பயன்பட்ட அட்டவணையும் நிரலுக்குள்ளேயே இருந்தது. பூட்டையும் சாவியையும் ஒரே வீட்டில் வைத்துவிட்டுச் சென்ற திருடனின் வேலை அது. பேட்ஸ் எழுதிய 'எய்ட்ஸ்அவுட்', 'கிளியர்எய்டு' என்னும் இரு நிரல்கள் தீநிரலை நீக்கிப் பெயர்களை மீட்டுத் தந்தன. ஆனால் அதற்குள் சிலர் அச்சத்தால் தம் வன்தட்டுகளைத் தாமே முற்றாக அழித்துப் புதிதாக்கியிருந்தனர். பல்லாண்டு ஆய்வுத் தரவுகள் அவ்வாறு அழிந்ததாகப் பதிவுகள் உள்ளன. தாக்கியவன் அழிக்காததைத் தாக்குண்டவரின் பதற்றம் அழித்தது.

மடிக்கணினியில் தன் ஆய்வேட்டை வைத்திருக்கும் எந்த மாணவருக்கும் இந்த முதல் நிகழ்விலேயே பாடம் உண்டு. அதன்பின் வந்த முப்பதாண்டுகளில் தரவு எவ்வெவ்வாறு மீட்கப்பட்டது, எப்போது மீட்க இயலாது போயிற்று என்று தொகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். முறையாகச் செய்யப்பட்ட மறைகுறியாக்கத்தை எவரும் நேரடியாக உடைத்ததில்லை. மீட்பு நிகழ்ந்த இடங்களில் எல்லாம் நான்கு வழிகளுள் ஒன்றே கைகொடுத்திருக்கிறது: தாக்கியவன் செய்த பிழை, கணினியில் எஞ்சிய தடயம், பின்னாளில் வெளிவந்த திறவுகோல், வேறோர் இடத்தில் தப்பியிருந்த படி.

திறவுகோல் இடம்பெயர்ந்த கதை

பாப் செய்த பிழையை நீக்கினால் என்ன ஆகும் என்னும் வினாவைக் ஆடம் யங், மோட்டி யுங் ஆகிய இருவர் எழுப்பினர். 1996இல் ஓக்லாந்தில் நடைபெற்ற பாதுகாப்பும் அந்தரங்கமும் குறித்த கருத்தரங்கில் அவர்கள் அளித்த கட்டுரை, பொதுத் திறவுகோல் முறையைத் தீநிரலோடு இணைத்தால் விளையும் ஆபத்தை முன்கூட்டி விளக்கியது. பொதுத் திறவுகோல் முறையில் பூட்டுவதற்கு ஒரு திறவுகோல், திறப்பதற்கு வேறொன்று. பூட்டும் திறவுகோலை மட்டும் தீநிரலுக்குள் வைத்தனுப்பினால், நிரலை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் திறக்கும் திறவுகோல் அதில் கிடைக்காது. அது தாக்கியவனிடமே இருக்கும். ஜிம் பேட்ஸ் செய்தது போன்ற மீட்புக்கு அத்தகைய நிலையில் இடமே இல்லை.

எச்சரிக்கையாக எழுதப்பட்ட அக்கட்டுரை விவரித்த முறை பத்தாண்டுகளுக்குள் நடைமுறைக்கு வந்தது. 'ஜிபிகோடு' என்னும் தீநிரல் 2006இல் ஆர்.எஸ்.ஏ. முறையில் 330 பிட், 660 பிட் நீளமுள்ள திறவுகோல்களைப் பயன்படுத்தியது. அதை எழுதியவர் செய்த பிழைகளால் காஸ்பர்ஸ்கி நிறுவனத்தாரால் அவற்றைக் கண்டறிய முடிந்தது. 2008 ஜூனில் வெளிவந்த அடுத்த வடிவம் 1024 பிட் திறவுகோலோடு வந்தது. பழைய பிழைகள் அதில் இல்லை. அத்திறவுகோலை உடைக்க அன்றைய கணினிகள் ஒன்றரைக் கோடி சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு உழைக்க வேண்டும் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது; உலகின் மறைகுறியியல் அறிஞர்களிடம் வெளிப்படையாக உதவியும் கேட்டது.

விடை மறைகுறியியலிலிருந்து வரவில்லை. வன்தட்டு இயங்கும் முறையிலிருந்து வந்தது. ஜிபிகோடு ஒரு கோப்பைப் படித்து, பூட்டிய படி ஒன்றைப் புதிதாக எழுதி, அதன்பின் மூலக் கோப்பை நீக்கியது. காந்தத் தகடு கொண்ட வன்தட்டில் ஒரு கோப்பை நீக்கும்போது அதன் உள்ளடக்கம் அப்போதே அழிவதில்லை. நூலக அட்டவணையிலிருந்து ஒரு நூலின் சீட்டை மட்டும் எடுத்துவிடுவது போன்றது அது. நூல் அடுக்கிலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கே கிடக்கும். கிறிஸ்தோஃப் கிரெனியே உருவாக்கிய 'ஃபோட்டோரெக்' என்னும் இலவச மென்பொருள், பெயரும் அட்டவணையும் இல்லாமலேயே உள்ளடக்கத்தின் அமைப்பைக் கொண்டு நீக்கப்பட்ட கோப்புகளைத் தேடி எடுக்க வல்லது. ஒளிப்படக் கருவிகளின் நினைவட்டைகளிலிருந்து படங்களை மீட்க எழுதப்பட்ட அக்கருவி, ஜிபிகோடுக்கு எதிரான மருந்தாயிற்று. மீண்ட கோப்புகளுக்குப் பெயர் இராது என்னும் குறையை, அளவை ஒப்பிட்டுப் பெயரும் இடமும் பொருத்தும் 'ஸ்டாப்ஜிபிகோடு' என்னும் துணை நிரலைக் காஸ்பர்ஸ்கி எழுதி நிறைவு செய்தது.

ஒன்றரைக் கோடிக் கணினிகளால் ஓராண்டில் ஆகக்கூடிய செயலை, எஞ்சியிருந்த தடயம் சில மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை: தாக்குதலுக்குப் பின் அந்த வன்தட்டில் புதிதாக எதையும் எழுதியிருக்கக் கூடாது. பதற்றத்தில் இயங்குதளத்தை மறுபடி நிறுவியவர்களும், மீட்பு மென்பொருளை அதே தட்டிலேயே பதிவிறக்கியவர்களும் தம் கோப்புகளின்மேல் தாமே எழுதிக்கொண்டனர்.

இவ்வழி இன்று பெரிதும் குறுகிவிட்டது. இன்றைய மடிக்கணினிகளில் காந்தத் தகட்டின் இடத்தைத் திண்ம நிலைச் சேமிப்பகம் பிடித்திருக்கிறது. 'ட்ரிம்' என்னும் கட்டளை வழியாக, நீக்கப்பட்ட கோப்பின் இடத்தை இயங்குதளம் அறிவித்துவிடுகிறது. சேமிப்பகம் அவ்விடத்தைத் தானே துடைத்துக்கொள்கிறது. சீட்டை எடுத்தவுடன் நூலையும் எரித்துவிடும் நூலகம் இது. விண்டோஸ் இயங்குதளம் தானாக எடுத்து வைக்கும் நிழற்படிகளும் முன்பு பலரைக் காப்பாற்றின. பின்வந்த தீநிரல்கள் பெரும்பாலும் முதல் வேலையாக அந்நிழற்படிகளை நீக்குகின்றன.

காத்திருந்தவர்க்குக் கிடைத்த திறவுகோல்

2013 செப்டம்பரில் பரவிய 'கிரிப்டோலாக்கர்', யங்கும் யுங்கும் விவரித்த முறையைப் பிழையின்றிச் செயற்படுத்தியது. ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனித் திறவுகோல் இணை தாக்கியவர்களின் சர்வரில் உருவாக்கப்பட்டது; பூட்டும் திறவுகோல் மட்டுமே பாதிக்கப்பட்ட கணினிக்கு வந்தது. பணயத் தொகையைப் பிட்காயினில் செலுத்தலாம் என்பதால் பனாமா அஞ்சல்பெட்டியின் தேவையும் ஒழிந்தது. 72 மணி நேரத்துக்குள் பணம் செலுத்தாவிடில் திறவுகோல் அழிக்கப்படும் என்று கடிகாரம் ஒன்று திரையில் ஓடியது.

அந்தக் கடிகாரத்தை நம்பிப் பூட்டிய கோப்புகளை நீக்கிவிட்டவர்கள் பலர். ஆனால் 2014 ஜூனில் அமெரிக்க, ஐரோப்பியக் காவல் அமைப்புகள் 'டோவார்' என்னும் பெயரில் நடத்திய கூட்டு நடவடிக்கை, கிரிப்டோலாக்கரைப் பரப்பிய 'கேம்ஓவர் சூஸ்' வலையமைப்பை முடக்கியது. தாக்கியவர்களின் திறவுகோல் தொகுப்பு கைப்பற்றப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபாக்ஸ்-ஐ.டி., ஃபயர்ஐ ஆகிய இரு நிறுவனங்கள் ஓர் இலவசத் தளத்தைத் திறந்தன. பூட்டப்பட்ட கோப்பு ஒன்றை அதில் ஏற்றினால், அதற்குரிய திறவுகோல் மின்னஞ்சலில் வந்தது. ஆண்டுக்கணக்கில் இல்லாவிடினும் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் கோப்புகள் திறந்தன. கோப்புகளை நீக்கிவிட்டவர்களிடம் திறவுகோல் இருந்தது. திறப்பதற்குப் பூட்டுத்தான் இல்லை.

2016 மே மாதத்தில் இதனினும் வியப்பான நிகழ்வு ஒன்று நடந்தது. 'டெஸ்லாகிரிப்ட்' என்னும் தீநிரலின் குழுவினர் தம் வேலையை நிறுத்திக்கொள்வதைக் கவனித்த ஈசெட் நிறுவன ஆய்வாளர் ஒருவர், பாதிக்கப்பட்டவர்களுக்கென அக்குழு வைத்திருந்த தொடர்பு வழியிலேயே முதன்மைத் திறவுகோலைக் கேட்டார். குழுவினர் வருத்தம் தெரிவித்து அதை வெளியிட்டனர். அதே ஆண்டு ஜூலையில் நெதர்லாந்துக் காவல்துறை, யூரோபோல், காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி ஆகியவை இணைந்து 'நோ மோர் ரான்சம்' என்னும் பொதுத்தளத்தைத் தொடங்கின. எத்தீநிரல் தாக்கியது என்று அடையாளம் காண்பதற்கும், வெளிவந்த திறவுகோல்களைக் கட்டணமின்றிப் பெறுவதற்கும் அது இன்றும் முதல் வாயிலாக உள்ளது.

பூட்டப்பட்ட கோப்பு குப்பையன்று. திறவுகோலுக்குக் காத்திருக்கும் ஆவணம் என்பது இம்மூன்று நிகழ்வுகளாலும் உறுதிப்படும். அதை அப்படியே வேறொரு வன்தட்டில் படியெடுத்து, தேதி குறித்து வைத்திருப்பது வீண் நம்பிக்கை ஆகாது.

நினைவகத்தில் நின்ற பகா எண்கள்

2017 மே 12 அன்று தொடங்கிய 'வான்னாகிரை' தாக்குதல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தொட்டது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே வீழ்ந்தன. பிரித்தானியாவின் தேசியச் சுகாதாரச் சேவை நிலைகுலைந்தது. இந்தியாவில் ஆந்திரப் பிரதேசக் காவல்துறையின் கணினிகள் சில பாதிக்கப்பட்டன. மார்கஸ் ஹச்சின்ஸ் என்னும் இளைஞர் தீநிரலுக்குள் எழுதப்பட்டிருந்த ஒரு வலைத்தளப் பெயரைப் பதிவு செய்ததும் பரவல் தணிந்தது. ஏற்கெனவே பூட்டப்பட்ட கோப்புகளுக்கு அதனால் பயனில்லை.

ஒரு வாரத்துக்குள் பிரான்சிலிருந்து ஒரு வழி பிறந்தது. ஆர்.எஸ்.ஏ. முறையில் திறக்கும் திறவுகோல் இரண்டு பெரிய பகா எண்களிலிருந்து உருவாகிறது. வான்னாகிரை தன் வேலை முடிந்ததும் திறவுகோலை முறைப்படி அழித்தது. ஆனால் அழிப்பதற்கு அது அழைத்த விண்டோஸ் செயற்கூறு, பழைய விண்டோஸ் பதிப்புகளில் நினைவகத்திலிருந்த பகா எண்களைத் துடைக்காமல் விட்டுவிட்டது. இதைக் கண்டறிந்த ஏட்ரியன் கினே 'வான்னாகீ' என்னும் நிரலை எழுதினார். அதை விரிவாக்கி பெஞ்சமின் டெல்பி 'வானாகிவி' என்னும் கருவியை உருவாக்கினார். அது விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை பயன்பட்டது. கணினியை அணைத்திருக்கக் கூடாது, மறுபடி தொடக்கியிருக்கக் கூடாது, நினைவகத்தின் அப்பகுதியில் வேறெதுவும் எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். நம்மில் பெரும்பாலோர் கணினி கோளாறு கொண்டால் முதலில் செய்வது அணைத்துப் போடுவது. அந்த ஒரு செயல் இங்கே திறவுகோலை அழித்தது.

வான்னாகிரையில் இன்னொரு தடயமும் எஞ்சியது. முகப்புத் திரையிலும் ஆவணங்கள் கோப்பகத்திலும் இருந்த கோப்புகளை அது மேலெழுதி அழித்தது. வேறு கோப்பகங்களில் இருந்தவற்றை வெறுமனே நீக்கியது. பின்னவற்றை நீக்கப்பட்ட கோப்புகளைத் தேடும் பழைய முறையாலேயே பலர் மீட்டனர்.

திறவுகோலே இல்லாத பூட்டு

ஆறு வாரங்கள் கழித்து, 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிய 'நாட்பெட்யா' தாக்குதல் இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். திரையில் பணயத் தொகை கேட்டாலும், அதில் காட்டப்பட்ட அடையாள எண் தற்போக்கானது. அதற்கும் திறவுகோலுக்கும் தொடர்பே இல்லை. பணம் கொடுத்தாலும் திறக்க வழியில்லை. பணயத் தீநிரலின் வேடம் பூண்ட அழிவுக் கருவி அது.

டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க் முடங்கியபோது அதன் விளைவு மும்பைக்கருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்திலும் தெரிந்தது. அக்குழுமம் நடத்திய சரக்குப்பெட்டக முனையத்தில் பணிகள் தடைப்பட்டன. மேர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மறுபடி நிறுவியதாக அதன் தலைவர் பின்னர் அறிவித்தார். அது இயன்றதற்கு ஒரு தற்செயல் காரணம். அந்நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யார், எவருக்கு என்ன அனுமதி என்னும் விவரங்களைத் தாங்கிய சர்வர்கள் ஒன்றுக்கொன்று படியாக இயங்கின. ஒன்று அழிந்தால் மற்றது காக்கும் என்பது திட்டம். ஆனால் எல்லாம் ஒரே வலையில் இணைந்திருந்ததால் எல்லாம் ஒருசேர அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் தாக்குதலுக்கு முன் மின்சாரம் தடைப்பட்டிருந்தது. அங்கிருந்த சர்வர் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. அதன் வன்தட்டைக் கானா ஊழியர் ஒருவர் நைஜீரியாவரை கொண்டுவந்து கொடுக்க, அங்கிருந்து மற்றொருவர் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார்.

படிகள் பல இருந்தால் போதாது, அவற்றுள் ஒன்றேனும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை. கல்வி உலகமும் இதை விலை கொடுத்தே கற்றது. 2019 டிசம்பர் 23 அன்று நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தில் 267 சர்வர்கள் பூட்டப்பட்டன; இணைப்பிலேயே இருந்த காப்புப்படிகளும் அவற்றோடு பூட்டப்பட்டன. ஆய்வுத் தரவும் மாணவர் தேர்வுகளும் பாழாகும் நிலையில் பல்கலைக்கழகம் 30 பிட்காயின், ஏறத்தாழ இரண்டு இலட்சம் யூரோ, செலுத்தித் திறவுகோலைப் பெற்றது. 2020 பிப்ரவரியில் நடந்தது அனைத்தையும் ஒரு பொதுக் கருத்தரங்கில் விளக்கவும் செய்தது. மறைப்பதைவிட விளக்குவது மேல் என்று ஒரு கல்வி நிறுவனம் எடுத்த அம்முடிவு, பணம் கொடுத்த முடிவைப் போலவே விவாதத்துக்குரியது, அதைவிடப் பயனுள்ளது.

இந்தியாவில் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களும் ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவும் பூட்டப்பட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கைவரை ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கையால் எழுதி நடந்தன. பாதிக்கப்படாத காப்பு சர்வர் ஒன்றிலிருந்து தரவு மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. உடைக்கப்பட்ட மறைகுறி எதுவும் இங்கும் இல்லை. தப்பிய படி ஒன்றே காத்தது.

ஆய்வாளரின் மடிக்கணினி

துறைமுகமும் மருத்துவமனையும் செய்தியாகின்றன. தனி மடிக்கணினிகளின் கதை செய்தியாவதில்லை. 2018 முதல் பரவிய 'ஸ்டாப்' அல்லது 'டிஜேவு' என்னும் தீநிரல் குடும்பம் நிறுவனங்களைவிடத் தனியாட்களையே மிகுதியும் தாக்கியது. உரிமம் உடைக்கப்பட்ட மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வருவது அதன் இயல்பு. புள்ளியியல் மென்பொருளுக்கும் மேற்கோள் தொகுப்பு மென்பொருளுக்கும் விலை கொடுக்க இயலாத மாணவர் எந்த வாயிலைத் தட்டுகிறாரோ, அந்த வாயிலிலேயே அது காத்திருந்தது. கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி.

இக்குடும்பத்தில் மேற்கூறிய வழிகள் பலவற்றையும் ஒருங்கே காணலாம். தாக்கும்போது தன் சர்வரோடு தொடர்பு கிடைத்தால் தனித் திறவுகோல் ஒன்றைப் பெறும். கிடைக்காவிடில் தன்னுள் இருக்கும் பொதுவான திறவுகோலால் பூட்டும். பின்னது ஒருமுறை வெளியானால், அவ்வாறு பூட்டப்பட்ட அனைவர்க்கும் அது பயன்படும். பழைய வடிவங்களில் இருந்த பிழையைக் கொண்டு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனமும் மைக்கேல் கில்லெஸ்பி என்னும் ஆய்வாளரும் 148 வகைகளுக்கான இலவச மீட்புக் கருவியை வெளியிட்டனர். பூட்டப்பட்ட கோப்பு ஒன்றும், பூட்டப்படாத அதன் மூலமும் இணையாகக் கிடைத்தால் பலவற்றை அதனால் திறக்க முடிந்தது. யாருக்கோ மின்னஞ்சலில் அனுப்பியிருந்த பழைய இணைப்புக் கோப்பு ஒன்று, அதே வகைக் கோப்புகள் பலவற்றுக்குச் சாவியாகும் வாய்ப்பு அங்கு இருந்தது. 2019 ஆகஸ்டுக்குப் பின் வந்த வடிவங்களில் அப்பிழை திருத்தப்பட்டது.

விரைவுக்காக இத்தீநிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டுகிறது. ஆகவே களப்பணியில் எடுத்த நீண்ட ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் தலைப்பகுதி சிதைந்திருந்தாலும் பெருமளவு மீளக்கூடும். ஆய்வேட்டின் வேர்டு கோப்புக்கு இச்சலுகை இல்லை. அது உள்ளுக்குள் சுருக்கப்பட்ட ஒரு தொகுப்பு. எழுத்துப் பகுதி பெரும்பாலும் முன்னே இருக்கும், படங்கள் பின்னே இருக்கும். படங்கள் மீண்டு, எழுத்து மீளாமற்போவது இதனால்தான்.

எழுத்து வேறு வழியில் மீளும். நெறியாளருக்கு அனுப்பிய இயல்கள் மின்னஞ்சலில் இருக்கும். கருத்தரங்குக்கு அனுப்பிய கட்டுரை அமைப்பாளரிடம் இருக்கும். திருத்தத்துக்காக அச்செடுத்த தாள்களின் ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்புகளும் இருக்கும். இவை எவையும் காப்புப்படி என்னும் எண்ணத்தோடு செய்யப்பட்டவையல்ல. ஆய்வு என்பது பிறரோடு பகிர்ந்து நடப்பது என்பதால் தாமே உருவான படிகள். எவருக்கும் காட்டப்படாத பொருள்களே மீளாமல் போகின்றன: நேர்காணல் ஒலிப்பதிவு, ஆவணக் காப்பகத்தில் கைப்பேசியால் எடுத்த படங்கள், கைப்படத் தொகுத்த அட்டவணை. நேர்காணல் தந்த முதியவர் மறைந்திருக்கலாம்; காப்பகம் அக்கோப்பை மறுபடி தராதிருக்கலாம். இந்தியாவில் நிறைவுற்ற ஆய்வேட்டைப் பாதுகாக்கக் காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' இருக்கிறது. நிறைவுறாத ஆய்வின் மூலத்தரவு பெரும்பாலும் ஆய்வாளரின் தனிப் பொறுப்பிலும் அவருடைய ஒரே மடிக்கணினியிலும் விடப்பட்டிருக்கிறது. அதை நிறுவனப் பொறுப்பாகக் கருதும் எண்ணம் வளர வேண்டும்.

நான்கு வழிகளுள் முதல் மூன்றும் நாளுக்கு நாள் குறுகி வருகின்றன. தீநிரல் எழுதுவோர் தம் பிழைகளைத் திருத்திக்கொள்கின்றனர். புதிய சேமிப்பகங்கள் தடயத்தைத் துடைக்கின்றன. திறவுகோல் வெளிவருவது காவல்துறையின் வெற்றியையோ குற்றவாளியின் மனமாற்றத்தையோ பொறுத்தது. ஆயினும் அவை முற்றும் அடைபடவில்லை. ஆகவே தாக்குண்டவர் முதலில் வலைத்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். எதையும் அழிக்கவோ மறுபடி நிறுவவோ விரையக் கூடாது. பூட்டிய கோப்புகளையும் திரையில் வந்த அறிவிப்பையும் அப்படியே வேறு தட்டில் படியெடுத்துக் காக்க வேண்டும். தீநிரலின் பெயரை அடையாளம் கண்டபின் மேலே செல்ல வேண்டும். இந்தியாவில் 1930 என்னும் உதவி எண்ணில் முறையீட்டைப் பதிவு செய்யலாம். நிறுவனக் கணினியாயின் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் ஆணை.

நான்காம் வழி மட்டும் 1989இல் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஒரு வெளி வன்தட்டை இணைத்துப் படியெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. கானாவில் மின்சாரம் தற்செயலாகத் தடைப்பட்டதால் ஒரு பெருநிறுவனம் பிழைத்தது. கம்பியைக் கழற்றி வைக்கும் ஆய்வாளர் அந்தத் தற்செயலைத் தம் வழக்கமாக்கிக்கொள்கிறார்.